குமரிக் கடற்கரை இயந்திரங்களில் பேட்டரி இல்லா வயர்லெஸ் சென்சார்: முழுமையான வழிகாட்டி

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ ஓர் ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசர் அறைக்குள் நுழைந்தால் வெப்பம், அதிர்வு, மின்னோட்டம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். இவற்றில் ஒன்றிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்து, பேரிங் சூட்டையும் அதிர்வையும் அளந்து அனுப்பும் சென்சாரை ஓட்டிவிடலாம். அதற்கான பாகங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆனாலும் பல அமைப்புகள் பாதியில் நின்றுபோகின்றன. இயந்திரம் ஓடும்போது எவ்வளவு வரும் என்று மட்டும் கணக்குப் போட்டு, அது நிற்கும்போது என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமான காரணம்.

நம் மாவட்டத்தில் அந்த ஓய்வுக்குத் தேதியே உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில் வரும். விசைப்படகு ஓடாத நாட்களில் ஐஸ் தேவையும் விழும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஓட்டத்தையும் ஓய்வையும் சேர்த்தே கணக்கிடுகிறோம்.

படி 1: சென்சார் எவ்வளவு உண்ணும்?

மூலத்தைத் தேடும் முன் செலவை எழுதிவிடுங்கள். அதிர்வும் வெப்பமும் அளந்து லோரா ரேடியோவில் (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குச் சிறு செய்தி அனுப்பும் முறை) அனுப்பும் ஒரு சென்சாருக்கு, 3.3 வோல்ட்டில் ஒரு சுற்றின் கணக்கு இப்படி இருக்கும்:

- அதிர்வைப் பதிவு செய்ய 1 விநாடி, 4 மில்லிஆம்பியர்: 4 மில்லிகூலம்
- பதிவை அலைவெண்களாகப் பிரிக்க 0.3 விநாடி, 5 மில்லிஆம்பியர்: 1.5 மில்லிகூலம்
- 20 பைட் செய்தி அனுப்ப 57 மில்லிவிநாடி, 29 மில்லிஆம்பியர்: 1.65 மில்லிகூலம்
- பதிலுக்குக் காத்திருக்க 60 மில்லிவிநாடி, 11.5 மில்லிஆம்பியர்: 0.7 மில்லிகூலம்

மொத்தம் சுமார் 7.9 மில்லிகூலம். தூங்கும்போது 3 மைக்ரோஆம்பியர். நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் சராசரி 134 மைக்ரோஆம்பியர். 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 16 மைக்ரோஆம்பியர்.

செய்தி நேரம் 57 மில்லிவிநாடி என்பது லோராவின் வேகமான நிலையான எஸ்எஃப்7-க்கு. கேட்வே (சென்சாரின் செய்தியை வாங்கும் பெட்டி) தொலைவில் இருந்து, மெதுவான எஸ்எஃப்12-க்குப் போனால் அதே செய்திக்கு 1.3 விநாடி ஆகும். அனுப்பும் செலவு இருபது மடங்குக்கு மேல் ஏறிவிடும். பெரிய மூலத்தைத் தேடுவதை விட கேட்வேயை அறைக்குப் பக்கத்தில் வைப்பது மலிவு. இந்தியாவில் உரிமம் தேவையில்லாத 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான போர்டையே வாங்குங்கள். 433, 915 என்று எழுதியவை இங்கே வேண்டாம்.

படி 2: பேட்டரியே போதுமா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-மணி கொண்ட ஏஏ அளவு லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்று, 16 மைக்ரோஆம்பியர் செலவுக்குக் கணக்குப்படி 17 ஆண்டு வரும். தானாகக் கசிவதைக் கழித்தாலும் பல ஆண்டுகள். அப்படிப்பட்ட இடத்தில் வெப்ப மின் தகடும் (இரு முகத்தின் சூட்டு வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தருவது) ஹீட் சிங்கும் மாட்டுவது வீண் வேலை. வாகனத்தின் 12 அல்லது 24 வோல்ட் வயர் எட்டும் இடத்திலும், காற்றாலையின் நாசெல்லுக்குள் (கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூடு) மின் இணைப்பு இருக்கும் இடத்திலும் வயரையே இழுங்கள்.

மின் அறுவடை, அதாவது சூடு, அதிர்வு, மின்னோட்டம் போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது, தேவைப்படும் இடங்கள் மூன்று. அடிக்கடி அளக்க வேண்டிய இடம்: அம்மோனியா கம்ப்ரசரில் ஆயில் அழுத்தம் விழுந்தாலோ, திரவ அம்மோனியா சிலிண்டருக்குள் வந்தாலோ சில நிமிடத்தில் சேதமாகிவிடும், 10 நிமிட இடைவெளி உதவாது. நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் அதே செல் கணக்குப்படியே 2 ஆண்டுதான். அடுத்தது பேட்டரி தாங்காத சூடுள்ள இடம். மூன்றாவது, சுழலும் பாகம்.

இனி நம் இலக்கு நிமிடத்துக்கு ஒரு அளவு. 134 மைக்ரோஆம்பியருடன் சேமிப்பின் கசிவைச் சேர்த்தால் 140, அதாவது 0.46 மில்லிவாட். இரட்டிப்பாக வைத்து 1 மில்லிவாட் தேவை என்று கொள்வோம்.

படி 3: மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் முதலில் போவது அதிர்வுக்கு. ஐஸ் பிளாண்டில் அது கடைசித் தேர்வாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கணக்கைப் பாருங்கள்: ஒத்திசைவில் (தனக்குரிய ஒரே அலைவெண்ணில் பெரிதாக) ஆடும் கருவியின் அதிகபட்சத் திறன், நிறை × முடுக்கத்தின் வர்க்கம் × ஒத்திசைவுக் கூர்மை ÷ (8 × கோண அலைவெண்). கோண அலைவெண் என்பது 2π × அலைவெண். 10 கிராம் நிறை, முடுக்கத்தின் உச்சம் 1 மீ/வி², கூர்மை 100, அலைவெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் 200 மைக்ரோவாட். சுற்றில் பாதி இழந்து 100 மைக்ரோவாட் மிஞ்சும். 10 நிமிட இடைவெளிக்குப் போதும். நிமிடக் கணக்குக்குப் பற்றாது.

மோட்டாருக்கு மின்னோட்டமும், கம்ப்ரசருக்கு வெப்பமும் எடுப்பதுதான் சரி.

படி 4: மோட்டாரில் பிளவு வளையம்

415 வோல்ட்டில் 50 ஹெச்பி மோட்டார் முழுச் சுமையில் சுமார் 65 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் டெர்மினல் பாக்ஸுக்கு ஆறு லீடு வரும். டெல்டா ஓட்டத்தில் ஒவ்வொன்றிலும் 65 ÷ 1.73 = சுமார் 37.5 ஆம்பியர். 2000:1 பிளவு வளைய சிடி (வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தில் ஒரு பங்கை எடுக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்றை ஒரு லீடின் மேல் மாட்டினால் 18 மில்லிஆம்பியருக்கு மேல் வரும். நமக்கு வேண்டியது 0.14 மில்லிஆம்பியர்தான். கால் சுமையில் ஓடினாலும் கவலையில்லை.

1. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி எடுத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே டெர்மினல் பாக்ஸைத் திறக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.
2. வளையம் ஒரே ஒரு லீடைச் சுற்றட்டும். முழுக் கேபிளையும் சுற்றினால் மூன்று பேஸும் ஒன்றையொன்று அடித்துவிட்டு ஒன்றும் வராது.
3. ஷாட்கி டையோடு நான்கில் பிரிட்ஜ். அதன் குறுக்கே, வோல்ட்டேஜ் மேலே ஏறாமல் தடுக்க 5.1 வோல்ட், 1 வாட்டுக்குக் குறையாத ஜீனர் டையோடு. இதை முதலில் இணைத்த பிறகே வளையத்தை மூடுங்கள். சுமையில்லாமல் திறந்து கிடக்கும் சிடியில் ஆபத்தான வோல்ட்டேஜ் ஏறும்.
4. ஜீனருக்கும் சேமிப்புக்கும் நடுவில் இன்னொரு ஷாட்கி டையோடு போடுங்கள். 5.1 வோல்ட் ஜீனர் தன் வோல்ட்டேஜுக்குக் கீழேயே கசியத் தொடங்கும். இந்த டையோடு இல்லாவிட்டால் மோட்டார் நின்ற இரவிலேயே சேமிப்பு காலி.

வளையத்தின் இரண்டு பாதியும் சேரும் முகத்தில் தூசியோ துருவோ இருந்தால் வரத்து பாதியாகும், கூடவே உறுமும். துணியால் துடைத்து அழுத்தி மூடுங்கள்.

படி 5: கம்ப்ரசரில் வெப்ப மின் தகடு

மோட்டாருக்கு இருக்கும் வசதி கம்ப்ரசருக்கு இல்லை. ஆனால் சூடு தாராளம். 40 × 40 மி.மீ. அளவில் 127 ஜோடி கொண்ட பிஸ்மத் டெலுரைடு தகடு ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் தரும். உள்தடை 2 ஓம் அளவு. கூலராக விற்கப்படும் டிஇசி1-12706 தகடே இதற்கு உதவும்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அம்மோனியா டிஸ்சார்ஜ் பைப் ஹெட்டுக்குப் பக்கத்தில் 100 டிகிரியைத் தாண்டும். கூலர் தகட்டின் உள்ளே இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியில் உருகும் வகை, நெடுநாள் 100 டிகிரியில் வைக்கக்கூடாது. மேற்பரப்பு 70 டிகிரி அளவில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஹெட்டின் மேலேயே வைத்தாக வேண்டுமென்றால் 200 டிகிரி தாங்கும் ஜெனரேட்டர் வகைத் தகடு வாங்குங்கள். பளபளப்பான பைப்பில் இன்ஃப்ராரெட் கன் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்கவும், அல்லது தெர்மோகப்பிளைத் தொட்டு வைத்து அளக்கவும்.

70 டிகிரி பைப், 32 டிகிரி அறை: வேறுபாடு 38. இந்த 38-ம் தகட்டுக்குக் கிடைக்காது. ஹீட் சிங்கின் வெப்பத்தடை வாட்டுக்கு 4 டிகிரி, தகடு 1.8, பேஸ்ட் 0.4 என்றால் தகட்டின் பங்கு 11 டிகிரிதான். திறந்த வோல்ட்டேஜ் 0.55, பொருந்திய சுமையில் (சுமையின் தடை உள்தடைக்குச் சமமானால்) 38 மில்லிவாட். மின்மாற்றிச் சுற்று (தகட்டின் சிறு வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் சிப்) இதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் 3.8 மில்லிவாட், தேவையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹீட் சிங்கில் சிக்கனம் பிடித்தால் முதலில் அடிபடுவது இந்த 11 டிகிரி.

பொருத்தும் முறை:

1. பைப்பின் வெளி விட்டத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் குழிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் அலுமினியக் கட்டை ஒன்று கடைந்து வாங்குங்கள். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். பைப்பில் துளையிடவோ வெல்டு வைக்கவோ கூடாது. ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் மட்டும்.
2. கட்டைக்கும் பைப்புக்கும் நடுவில், தகட்டின் இரு முகத்திலும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தடிமனாகப் போனால் அதுவே தடை.
3. தகட்டை நடுவில் வைத்து, எம்4 ஸ்டெயின்லெஸ் போல்ட் நான்கால் ஹீட் சிங்கை இறுக்குங்கள். போல்ட்டுக்கு 0.3 நியூட்டன்-மீட்டர், குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி. ஒரு பக்கமாக இறுக்கினால் பீங்கான் முகம் விரியும்.
4. போல்ட் வழியே சூடு ஹீட் சிங்குக்குத் தாவும். தலைக்கு அடியில் டெஃப்லான் வாஷரும், அதன் மேல் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். தகட்டைச் சுற்றியுள்ள இடைவெளியை செராமிக் உல்லால் அடையுங்கள்.
5. ஃபின்கள் மேல்-கீழாக நிற்கட்டும். படுத்துக் கிடந்தால் காற்று ஏறாது.

அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். பித்தளை கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாய்), பித்தளை உடல் கனெக்டர் எதுவும் இந்த அறையில் வேண்டாம்; பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும். போர்டை முழுவதும் எப்பாக்ஸியில் மூழ்கடித்துவிடுங்கள். சிலிக்கோன் பூசுவதானால் வினிகர் வாடை வராத வகையை வாங்குங்கள். வாடை வரும் வகையில் இருக்கும் அசெட்டிக் அமிலமும் செம்பை அரிக்கும். பெட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், பாலிகார்பனேட்டை அம்மோனியா கெடுக்கும், இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனா செத்துவிடும்.

சக்‌ஷன் பைப்பின் குளிரிலும் இதே தகடு வேலை செய்யும், சூடும் குளிரும் இடம் மாறும் அவ்வளவுதான். ஆனால் பனி உருகி வடியும் தண்ணீரில் தகடு அரித்துப்போகும். டிஸ்சார்ஜ் பக்கம் இடமிருந்தால் சக்‌ஷனை விட்டுவிடுங்கள்.

படி 6: மின்மாற்றிச் சுற்று

பணம் போன பிறகு தெரியவரும் தவறு இங்கேதான் நடக்கிறது. பிக்யூ25570 சிப் மிக நல்லது, தூங்கும்போது அரை மைக்ரோஆம்பியர்கூட எடுக்காது. ஒருமுறை தொடங்கிவிட்டால் 100 மில்லிவோல்ட்டிலிருந்தும் அறுவடை செய்யும். ஆனால் சேமிப்பு முழுவதும் காலியான நிலையிலிருந்து எழ அதற்கு 600 மில்லிவோல்ட் வேண்டும். நம் தகட்டின் திறந்த வோல்ட்டேஜே 550. மேசை மேல் சார்ஜ் ஏற்றி வைத்துச் சோதித்தால் அருமையாக ஓடும். தடைக்காலம் முடிந்து கம்ப்ரசர் சூடானால் எழவே எழாது.

எல்டிசி3108 சிப் 1:100 டிரான்ஸ்ஃபார்மருடன் 20 மில்லிவோல்ட்டில் எழும். 1:20 போட்டால் எழும் வோல்ட்டேஜ் கூடும், ஆனால் வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தில் அதிக மின்சாரம் தரும். ஒரு துருவத்தை மட்டுமே ஏற்கும். சூடும் குளிரும் மாறிவரும் இடத்துக்கு எல்டிசி3109. பிளாண்டுக்கு 3108 போதும்.

படி 7: சேமிப்பு

நாணயம்போல் தட்டையாக வரும் 5.5 வோல்ட், 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் மலிவு. அதன் உள்தடையோ பல பத்து ஓம். ரேடியோ 29 மில்லிஆம்பியர் இழுக்கும் கணத்தில் 30 ஓமில் 0.87 வோல்ட் விழும். போர்டு ரீசெட் ஆகும். 2.7 வோல்ட், 2 ஃபாரட் உருளை வகை இரண்டைச் சீரியஸில் போடுங்கள். சேர்ந்து 1 ஃபாரட், உள்தடை மிகக் குறைவு. ஒவ்வொன்றின் குறுக்கிலும் 4.7 மெகாஓம், இரண்டும் சமமாக நிறைய.

5 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட் வரை இறங்க 2.5 கூலம் கிடைக்கும். நிமிட அளவில் ஓடினால் 5 மணி நேரம். கம்ப்ரசர் நின்றதும் மென்பொருள் மணிக்கு ஒரு சிறு செய்தி என்று மாறிவிட்டால் செலவு கசிவுடன் 9 மைக்ரோஆம்பியர். 3 நாள் தாங்கும். 61 நாளுக்கு 47 கூலம் வேண்டும், இதைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு. அதற்காகக் கெப்பாசிட்டரைப் பெருக்காதீர்கள். ஒன்று, சாகவிட்டு எழவைப்பது. அல்லது ஓய்வுக்கு மட்டும் ஒரு சிறு லித்தியம் செல்லை டையோடு வழியே வைப்பது. சூடு தொடும் பெட்டியில் முதலாவதே மேல்.

சாகவிட்டு எழவைப்பதென்றால் இரண்டு ஏற்பாடு கட்டாயம். வோல்ட்டேஜ் 3.2-ஐத் தொடும் வரை போர்டுக்கு மின்சாரம் போகக்கூடாது, 2.5-க்கு வந்தால்தான் துண்டிக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் போர்டு 2 வோல்ட்டில் கண் விழித்து, வந்ததையெல்லாம் தின்று விழுந்து, மீண்டும் விழித்து, நாள் முழுக்க அதையே செய்யும். மற்றது லோரா இணைப்பு: ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஜாயின் (நெட்வொர்க்கில் சேர அனுமதி) கேட்டால் பதிலுக்கு 5, 6 விநாடி விழித்திருக்க நேரும். சாவிகளையும் செய்தி எண்ணையும் அழியாத நினைவகத்தில் வைத்து அங்கிருந்து தொடருங்கள்.

எப்பாக்ஸி ஊற்றும் முன் கெப்பாசிட்டரை வெறும் பூஜ்யமாக்கி, சூடான பைப்பில் வைத்து எழுகிறதா என்று பாருங்கள். 3108 முதலில் வெளியீட்டை நிரப்பிவிட்டுப் பிறகே சேமிப்புக்கு அனுப்பும். நம் கணக்குப்படி முழுதாக நிரம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

அதிர்வைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டார் எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸ் காந்த அதிர்வு உண்டு. சுமை மாறினாலும் இது நகராது. 4 துருவ மோட்டாரின் சுழற்சி அதிர்வு 24–25 ஹெர்ட்ஸ், சுமைக்கேற்ப நகரும். ஆகவே 100-க்கு ஒத்திசைத்த கருவி வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்காகச் செய்த 120 ஹெர்ட்ஸ் கருவியும் அதே உருவில் வரும். கூர்மை 50 உள்ள அந்தக் கருவியின் பட்டை அகலமே சுமார் 2.4 ஹெர்ட்ஸ், ஆகவே அது இங்கே அசையாது. மோட்டாருக்கு விஎஃப்டி (மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) போட்டிருந்தால் அந்த 100-ம் வேகத்தோடு சேர்ந்து நகரும், அங்கே அதிர்வை மறந்துவிடுங்கள். போன் ஆப்பில் 100 ஹெர்ட்ஸை நம்பி அளக்க முடியாது, சாம்பிள் வேகம் பற்றாது. கருவியை ஸ்டட் போல்ட்டால் இறுக்கவும். ரப்பர் ஷீட்டோ தடித்த பசையோ நடுவில் வந்தால் வரத்து போய்விடும். பீசோ வகைக்கு (வளையும்போது மின்சாரம் தரும் பொருள் கொண்டது) எல்டிசி3588-1 சிப் பொருந்தும்.

விசைப்படகில்

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்பாதவை. எஞ்சினும் கியர் பாக்ஸும் அவ்வளவு நாளும் சூடாகவே இருக்கும். எஞ்சின் அறைக் காற்று 45–50 டிகிரியைத் தொடுவதால் ஹீட் சிங்கை நம்ப முடியாது. குளிர்ந்த பக்கத்துக்குக் கடல்நீர் உள்ளே வரும் பைப்பைப் பிடியுங்கள். 28–30 டிகிரி, நிற்காத ஓட்டம். எஞ்சினின் சூடான தண்ணீர் வெளியேறும் பைப்பும் இதுவும் அருகருகே வரும் இடத்தில், இரண்டு அலுமினியக் கட்டைகளுக்கு நடுவே தகட்டை வைத்தால், பிளாண்டில் கிடைத்ததை விட அதிகம் கிடைக்கும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் பொரிந்து உதிரும். நடுவில் நைலான் புஷ் வையுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் பேரிங்குக்கு வேறு வழி: ஷாஃப்டில் காந்தக் கிளாம்ப், எதிரே நிலையான காயில். காந்தங்களை எதிர் எதிராக இரட்டைப்படையில் வையுங்கள், இல்லையென்றால் ஷாஃப்டின் சமநிலை கெடும். நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் கடற்காற்றில் மாவாகிவிடும். எப்பாக்ஸி பூசியதையே வாங்கி, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலையில்

முப்பந்தல் பக்கத்துப் பழைய நிலைவேக ஆலைகளில் 4 துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். காற்று குறைந்தால் 6 துருவத்துக்கு மாறி 1000-க்கு இறங்கும் வகையும் உண்டு. 25 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைத்தது 16.7-ல் உறங்கும். கியர் பாக்ஸ் ஆயில் சூட்டை எடுப்பது நிச்சயமான வழி. சென்சாருக்கு உண்மையிலேயே அறுவடை தேவைப்படுவது சுழலும் ஹப்புக்குள்தான்.

லாரி, பஸ் சக்கரத்தில்

சாலை அதிர்வு நிலையான அலைவெண்ணில் வராது, ஒத்திசைவுக் கருவி இங்கே ஏமாற்றும். சுழலும் ஹப்பில் காயில், அசையாத பக்கத்தில் காந்தம், இடைவெளி 3 முதல் 5 மி.மீ. ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் 40 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 3.5 சுற்று. ஒரு கடப்புக்கு 100 மைக்ரோஜூல் கிடைத்தால் 0.35 மில்லிவாட், காந்தம் மூன்று வைத்தால் 1 மில்லிவாட்டைத் தொடும். பிரேக் டிரம்மின் இரும்புத் தூள் காந்தத்தில் குவிந்து இடைவெளியை அடைக்கும். ஒவ்வொரு கிரீஸ் வேலையின்போதும் துடைக்கச் சொல்லுங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு மலைச்சாலையில் இறங்கும்போது டிரம் சூடு வேகமாக ஏறும், எனவே எப்பாக்ஸியும் காயில் வார்னிஷும் 150 டிகிரிக்குக் குறையாத தரத்தில் இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

ஒவ்வொரு செய்தியிலும் சேமிப்பின் வோல்ட்டேஜையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே ஒரு பைட்தான். முதல் இரண்டு வாரம் அதை வரைபடமாக்கினால் பழுது தானே தெரியும். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஃபினில் உப்பும் தூசியும் அடைத்திருக்கும். ஒரே நாளில் விழுந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஓடும்போது சரியாக இருந்து இரவில் மட்டும் வேகமாக இறங்கினால் டையோடு கசிவு அல்லது ஈரம் உள்ளே போயிருக்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் கிளாண்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். தடைக்காலம் முடிந்து ஓட்டம் தொடங்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் செய்தி வரவேண்டும். வரவில்லையென்றால் தகட்டின் வயர் இரண்டையும் சுற்றிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 300 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது போர்டில். அதற்குக் கீழே என்றால் பேஸ்ட்டையும் போல்ட்டையும் பாருங்கள்.